உலையாள் பந்தி

ஜனவரி 20, திங்கள்

சாமி ஒன்று செய்து தரச் சொல்லி எனக்கு வேலை வந்திருக்கிறது. மாதாவே, நம்ப முடியவில்லை.

வந்தவன் குகன் என்கிற டைரக்டர். சின்னப் பையன்தான், ஒரே ஒரு படம் எடுத்து அதுவும் நன்றாக ஓடிவிட்டது. சாலிகிராமத்தில் எங்கள் வீட்டு மாடிப்படியை மூச்சு வாங்க ஏறி வந்து உட்கார்ந்தான். அடுத்த படம் ராஜா காலத்துக் கற்பனைக் கதையாம். அதில் மலையடிவாரத்தில் ஒரு வீரக்குடி, எந்த அரசனுக்கும் அடங்காத கூட்டம்.

"அக்கா, எனக்குச் சண்டை எடுக்கத் தெரியும். சண்டைக்கு முந்தின நாள் இவங்க என்ன பண்ணுவாங்க, யாரைக் கும்பிடுவாங்க, எதுக்குப் பயப்படுவாங்க, ஒண்ணும் தெரியல. அதை நீங்கதான் உண்டாக்கித் தரணும்."

"நான் சீரியல் எழுதறவ, தம்பி. எனக்கு மாமியார் மருமக சண்டைதான் தெரியும்."

"அதனாலதான் வந்தேன். ஒரு வீட்டையும் அதுல இருக்கிற அத்தனை பேரையும் வருஷக்கணக்கா ஓட்டுறீங்க. ஒரு குடியை ஓட்ட மாட்டீங்களா?"

பையன் பேசத் தெரிந்தவன். ஆனால் அவன் சொன்ன ஒரு விஷயம்தான் என்னை உட்கார வைத்தது. படத்தின் ஆரம்பத்தில் எனக்கென்று தனி கார்டு போடுவானாம். 'குடியும் சமயமும்: அமலோற்பவம்' என்று. இத்தனை வருஷமும் நான் எழுதிய வசனத்துக்குக் கீழே வேறு யாராவது பெரிய மனிதர் பெயர்தான் ஓடும். என் பெயர் நீளமாம், கார்டில் அடங்காதாம். அப்படிச் சொன்ன மனிதரின் பெயர் என் பெயரைவிட நீளம்.

எனக்குப் பேரெல்லாம் முக்கியமில்லை தம்பி என்று குகனிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன். எந்த சைஸ் எழுத்தில் வரும் என்று மட்டும் கேட்டு வைத்துக்கொண்டேன்.

ஜனவரி 22, புதன்

குகன் போனில் சில படங்களை அனுப்பியிருக்கிறான், "ஐடியாவுக்கு" என்று. மண்டையோட்டு மாலை. முகத்தில் கறுப்பு மை. நரபலி. ஹூ ஹூ என்று கத்திக்கொண்டு தீயைச் சுற்றி ஆடுகிற ஆட்கள்.

எனக்கு வந்த கோபத்தில் உடனே கூப்பிட்டேன். "ஏன் தம்பி, மலையடிவாரத்துல இருந்தா மண்டையோட்டைத்தான் கட்டிக்கணுமா? இவங்க வீட்டுல அடுப்பே கிடையாதா? புள்ளைக்குக் காய்ச்சல் வராதா? கொழுந்தியா கூட சண்டை வராதா?"

"வரும்ல" என்றான்.

"அப்ப அதை விட்டுட்டு ஹூ ஹூன்னு கத்தினா அது குடி இல்ல, கூட்டம். நான் குடிதான் எழுதுவேன். நிஜமா மலையில இருக்கிற ஜனங்க யாருடைய வழக்கத்தையும் தூக்கிட்டு வரவும் மாட்டேன்."

சரி அக்கா, சரி அக்கா என்று வைத்துவிட்டான். வைத்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. கார்டு போச்சோ?

ஜனவரி 25, சனி

குடிக்குப் பேர் வைத்துவிட்டேன். தறுகணர். தறுகண் என்றால் அஞ்சாமை, பழைய பாட்டுகளில் வருகிற சொல். வாயில் போட்டுச் சொல்லிப் பார்த்தேன், பல்லில் கடிபடுகிறது, வீரக்குடிக்கு அதுதான் வேண்டும்.

சாமிதான் வரவே மாட்டேன் என்றது. சிங்கம், புலி, வேல், சூலம் எல்லாம் எழுதி எழுதிக் கிழித்தேன். மத்தியானம் அரிசி களைந்து உலையில் போட எழுந்து போனேன். தண்ணீர் தளதளவென்று கொதித்து ஆவி முகத்தில் அடித்தது. கரண்டியைப் பிடித்தபடி அங்கேயே நின்றுவிட்டேன். வந்துவிட்டாள்!

அவள் பேர் உலையாள். சிலை கிடையாது. கொதிக்கிற உலையின் ஆவியில் இருப்பாள். தறுகணர் சத்தியம் செய்வதென்றால் ஆவி மேல் கையை நீட்டிச் செய்ய வேண்டும். பொய்யானால் கை தானாக இழுத்துக்கொள்ளும். அவர்கள் வேல்கள் அடுப்புக்கு மேலே தொங்கும், ஏனென்றால் புகை படாத வேல் குத்தாது. போர் முரசு கிடையாது. பானை மூடிகளைக் கரண்டியால் அடித்துக்கொண்டு போவார்கள். பயம் என்பது வயிற்றுக்குள் இருக்கிற ஒரு சின்ன மிருகம். சோறு போட்டால் தூங்கிவிடும். இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டால் ஒரே கரண்டியை இரண்டு பேரும் பிடித்து ஊர்ச்சோறு கிண்ட வேண்டும், சோறு வேகிறவரை.

அவள் கதை இது. உலையாள் முதல் தலைவனின் பெண்டாட்டி. ஆண்கள் எல்லாம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போருக்குப் போனார்கள். அவளுக்குப் பருக்கை மிச்சம் வைக்கவில்லை. அவள் வெறும் பானையை அடுப்பில் ஏற்றித் தீயைத் தள்ளிவிட்டாள். பானை வெடித்தது. அங்கே போர்க்களத்தில் அவர்கள் கால் நடுங்கித் தோற்றார்கள். அன்றிலிருந்து தறுகணர் போருக்கு முன்னால் எல்லோரும் ஒரே வரிசையில் உட்காருவார்கள். தலைவன் தன் கையால் பரிமாறுவான். அவன் கடைசியில் சாப்பிடுவான், மிச்சம் இருந்தால். அதுதான் உலையாள் பந்தி.

எழுதி முடித்தபோது அடுப்பில் சோறு குழைந்து கூழாகிவிட்டது. என் வீட்டுக்காரர் அதையும் குறை சொல்லாமல் சாப்பிட்டார்.

ஜனவரி 26, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பிரசங்க நேரத்தில் தறுகணர் கல்யாணச் சடங்கை யோசித்துவிட்டேன். ஆண்டவர் மன்னிக்கணும். சடங்கு நன்றாக வந்திருக்கிறது.

பிப்ரவரி 3, திங்கள்

குகன் வீட்டுக்கு வந்தான். முழுவதையும் வாசித்துக் காட்டினேன். இடியைப் பற்றிய பகுதி வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தான். தறுகணர் நம்பிக்கையில் இடி என்பது உலையாளின் மாமியார். மேலே உட்கார்ந்துகொண்டு, உலை கொதிக்க நேரமானால் உறுமுவாள்.

"அக்கா, சாமிக்கும் மாமியாரா? சீரியல் உங்களை விடல."

"வேணாம்னா எடுத்துரலாம், தம்பி."

"ஐயோ, இருக்கட்டும். இது வரைக்கும் எந்தச் சாமியும் எனக்கு இவ்ளோ புரிஞ்சதில்ல."

பந்தி வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இது எங்கிருந்து வந்தது அக்கா என்று கேட்டான். கற்பனைதான் என்றேன். வேறு எங்கிருந்து வரும்? மிக்ஸி ரிப்பேர் பார்த்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் மரியநாதன் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். கல்யாணமாகிப் பாளையங்கோட்டையில் அவர்கள் வீட்டில் இருந்த காலம் அவருக்கு ஞாபகம் வந்திருக்குமோ என்னவோ. பெரிய குடும்பம், நான் கடைசி மருமகள், சாப்பாட்டுக்கும் கடைசி. அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவர் பரிமாறினார். என்ன வந்தது இந்த மனுஷனுக்கு? குழம்பை மேசை முழுக்கச் சிந்தி வைத்தார்.

பிப்ரவரி 17, திங்கள்

போடிக்கு வந்து சேர்ந்தாச்சு. ஊருக்கு வெளியே வறண்ட கண்மாய்க்குள் தறுகணர் ஊரைக் கட்டியிருக்கிறார்கள். குடிசைகள், அடுப்புகள், அடுப்புக்கு மேலே தொங்குகிற வேல்கள். நான் எழுதியது வெயிலில் நிற்கிறது. அழுதுவிட்டேன். தூசு விழுந்ததென்று சொல்லிக் கண்ணைக் கசக்கிக்கொண்டேன்.

புரொடக்‌ஷன் மேனேஜர் எத்திராஜ். யூனிட்டுக்குச் சோறு, வண்டி, ரூம் எல்லாம் அவர் பொறுப்பு. எப்போதும் எரிச்சலாகவே இருக்கிற மனிதர். "இன்னா மேடம், கூட்டத்துக்கு எதுக்கு மதம்? வேலைத் தூக்கினு ஓடுனா பத்தாதா?" என்றார். முறைத்தேன், அது போதும்.

இங்கே சாப்பாட்டு நேரம் எப்படி என்றால், ஹீரோவுக்கு கேரவனுக்குள்ளே போய்விடும். அடுத்து டைரக்டர், கேமராமேன் மேசை. அப்புறம் லைட்மேன்கள், மேக்கப், மற்றவர்கள். எல்லாரும் கை கழுவிய பிறகுதான் ஜூனியர் ஆர்ட்டிஸ்டுகள், அதாவது கூட்டத்தில் நடிக்கிறவர்கள். அவர்களுக்குப் பொட்டலம், வெயிலில். தறுகணர் குடியாக நடிக்கப்போவது இவர்கள்தான். பொட்டலத்தைப் பிரித்து நின்றபடியே சாப்பிடுகிறார்கள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

கூட்டத்துக்கு உலையாளைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தேன். பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். முன்வரிசையில் ஒரு அம்மாள் மட்டும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வி. லோகநாயகி, வடபழனிக்காரி, என் வயது இருக்கும். சின்ன வயதிலிருந்து கூட்டத்தில்தான் நடிக்கிறாளாம். எத்தனையோ படத்தில் செத்திருக்கிறாளாம்.

"ரைட்டரம்மா, இந்தச் சாமி நேத்திக்கடன்னு இன்னா கேக்கும்?"

"பசிச்சவங்க ஒருத்தருக்குச் சோறு."

"அவ்ளோதானா? தலைமுடி, ஆடு, கோழி?"

"ஒண்ணும் கேக்காது."

"தீட்டு கீட்டு உண்டா?"

"கிடையாது."

"அப்ப நல்ல சாமிதான்" என்று திரும்பி எல்லோரையும் பார்த்துச் சொன்னாள். அதற்குப் பிறகு யாரும் கொட்டாவி விடவில்லை.

பிப்ரவரி 19, புதன்

இன்று முதல் பந்திக் காட்சி. இந்த நாளை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

சினிமாவில் காட்டுகிற சோற்றை யாரும் தின்றுவிடக் கூடாதென்று அதில் எதையாவது தெளித்து வைப்பார்கள். நான் ஒற்றைக் காலில் நின்றேன். உலையாள் சோறு நிஜச் சோறாகத்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆவி வராது என்றேன். எத்திராஜ் தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் சமையல்காரரைக் கூப்பிட்டுப் பெரிய அண்டாவில் சோறும் கறிக்குழம்பும் வைத்தார்கள்.

தலைவனாக நடிப்பவன் தர்ஷித். உடம்பு உடம்பு என்று அந்தப் பையன் பல மாதமாகச் சோற்றைக் கண்ணால் பார்க்கவில்லை. வேகவைத்த முட்டை வெள்ளையும் புல்லும்தான். வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் பரிமாறினான். குழம்பு வாசனை அவனை என்ன பாடு படுத்தியிருக்கும் என்று முகத்திலேயே தெரிந்தது. ஒரு டேக் சரியில்லை, இன்னொன்று. கூட்டத்துக்குக் கொண்டாட்டம், ஒவ்வொரு டேக்குக்கும் புதுச் சோறு. "சார், இன்னொரு தபா பாத்துக்கலாம், நான் சரியா மெல்லல" என்றாள் லோகநாயகி.

கடைசி டேக்கில் எல்லோரும் சாப்பிட்டு முடித்தார்கள். தர்ஷித் உட்கார்ந்தான். அண்டா அடியில் ஒட்டிக்கொண்டிருந்ததைச் சுரண்டி யாரோ இலையில் வைத்தார்கள். ஒரு வாய் போட்டான். கண்ணை மூடினான். குகன் கட் சொல்லிவிட்டான். பையன் நிறுத்தவில்லை! விரலை நக்கி, இலையை வழித்து, "எங்கம்மா சோறு மாதிரியே இருக்குக்கா" என்று என்னிடம் சொல்லும்போது மீசை முழுக்கக் குழம்பு.

பிப்ரவரி 20, வியாழன்

மத்தியானம் பொட்டலம் வந்தது. ஜூனியர் ஆர்ட்டிஸ்டுகள் ஒருவரும் பிரிக்கவில்லை. வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னாங்கடா இது?" என்று எத்திராஜ் கத்தினார்.

"தலைவரு வரல சார்" என்றாள் லோகநாயகி, வெகு மரியாதையாக.

விளையாட்டுக்குத்தான் ஆரம்பித்திருப்பாள். ஆனால் யாரோ போய்ச் சொல்ல, கேரவன் கதவைத் திறந்துகொண்டு தர்ஷித் நிஜமாகவே வந்துவிட்டான். பொட்டலத்தை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, டைரக்டர் மேசையில் இருந்த சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டான். குகன் பொரியலைத் தூக்கினான். கேமராமேன் அப்பளம். எனக்கு மோர் வாளி கிடைத்தது. தோள்பட்டை கழன்றுவிட்டது.

பிப்ரவரி 24, திங்கள்

தினமும் பந்திதான். பொட்டலம் கட்டுவதையே சமையல்காரர் நிறுத்திவிட்டார்.

உலையாள் என் கையை விட்டுப் போய்விட்டாள், நன்றாகத் தெரிகிறது. இரண்டு லைட்மேன்கள் ஏதோ ஒயர் தகராறில் முகம் பார்க்காமல் இருந்தார்களாம். கூட்டத்து ஆட்கள் பிடித்துக்கொண்டு போய் ஒரே கரண்டியைக் கொடுத்து உப்புமா கிண்ட வைத்துவிட்டார்கள். உப்புமா வேகிறதற்குள் இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். நாளைக்கு நிச்சயம் வேன் அனுப்புகிறேன் என்று எத்திராஜ் சொன்னதற்கு, டீ பாய்லர் ஆவி மேல் கையை நீட்டிச் சொல்லுங்கள் என்று பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். நீட்டினார். உடனே கையை இழுத்துக்கொண்டார்! அத்தனை பேரும் கைதட்டிச் சிரித்ததில் கண்மாயே அதிர்ந்தது. சூடு தாங்கலைம்மா என்கிறார். வேன் வரவில்லை.

வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "ஏ அமலு, ஞாயித்துக்கெழம பூசைக்குப் போனியா, இல்ல நீ செஞ்ச சாமிக்கே முழங்கால் போட்டுட்டியா?" என்று கேலி செய்தார். பிறகு, "கார்டுல ஒம் பேரு பெருசா வரும்லா?" என்றார். வரும் வரும், எனக்கென்ன அதுவா முக்கியம் என்றேன். அவர் ரிப்பேர் கடைக்குப் பக்கத்தில் இருக்கிற தியேட்டரில் முதல் காட்சிக்குத் தெருவையே கூட்டிக்கொண்டு போகப்போகிறாராம். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

வினை வந்துவிட்டது. தர்ஷித்துக்குத் தொப்பை விழுந்திருக்கிறது.

இத்தனூண்டு தொப்பைதான். ஆனால் திங்கட்கிழமை போர்க்காட்சி, மேல்சட்டை கிடையாது. யாரோ போட்டோ எடுத்து முதலாளிக்கு, அதாவது தயாரிப்பாளருக்கு, அனுப்பிவிட்டார்கள். சென்னையிலிருந்து அவர் போன் போட்டு எத்திராஜைக் காய்ச்சி எடுத்திருக்கிறார். சாயங்காலம் குகன் என் அறைக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"அக்கா, முதலாளி ரொம்பக் கோபமா இருக்கார். 'தலைவன்னா முதல்ல அவன் தின்னணும், பரிமாறுறவன் சர்வர்'ங்கிறார். போருக்கு முந்தின சீனை மாத்திக் கேக்கறார். தலைவன் ஆசனத்துல உக்காந்து முழு ஆட்டைப் பிய்ச்சுத் தின்னணும், குடி எல்லாம் சுத்தி நின்னு பாக்கணும். மாஸா இருக்கணுமாம். இந்த மத்தியானப் பந்தியும் கூடாதாம், லைட் போகுதாம்."

"அது நம்ம சாமிக்கு நேர் எதிர், தம்பி."

"தெரியும்க்கா." குரல் இறங்கிவிட்டது. "நீங்க மாத்தித் தரலைன்னா அவரே வேற ஆளை வச்சு எழுதிப்பார். கார்டுல அந்த ஆள் பேர்தான் வரும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? ஒரே ஒரு பக்கம்.

மார்ச் 1, சனி

எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போ என்ன? சினிமாதானே. உலையாள் என்ன நிஜமா?

லோகநாயகி கண்ணில் படாமல் பின்பக்கமாக ரூமுக்கு வந்தேன். அந்தப் பக்கம் வெயில் குறைவு.

மார்ச் 2, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. தலைவலி.

மார்ச் 3, திங்கள்

எழுதி முடித்துவிட்டுத்தான் மறு வேலை.

போரைக் காலையிலேயே எடுத்துவிட்டார்கள், மத்தியானம் அதற்கு முந்தின சீன். தர்ஷித்தை எருதுத் தோல் ஆசனத்தில் உட்கார வைத்தார்கள். முன்னால் முழு ஆடு, சுட்டது. குடி முழுவதும் வேலோடு சுற்றி நின்றது. குகன் ஆக்‌ஷன் சொன்னான். தர்ஷித் ஒரு காலைப் பிய்த்தான். வாய்க்குக் கொண்டுபோனான்.

லோகநாயகி தன் வேலைத் தரையில் வைத்தாள். சத்தமில்லாமல், குழந்தையைத் தூங்க வைப்பதுபோல. பக்கத்தில் நின்றவன் வைத்தான். அவனுக்குப் பக்கத்தில். ஒவ்வொருவராகக் கடைசி ஆள் வரை. தர்ஷித் ஆட்டுக்காலை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"கட்! என்னாச்சு?"

"சாமி குத்தம் ஆயிடும் சார்" என்றாள் லோகநாயகி.

எத்திராஜ் பாய்ந்து வந்தார். காதில் போன், அந்தப் பக்கம் முதலாளி. "இன்னா கலாட்டா பண்றியா? எதுக்கு வந்துகீற நீ? நடிக்கத்தான?"

"நடிக்கிறேன் சார், நான் எங்க மாட்டேன்னேன்? ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. நாங்கல்லாம் பட்டினியா நிக்கிறோம், இந்த ஆளு முன்னாடி துன்றான். அப்பறம் நாங்க எதுக்கு இவனுக்காகப் போய் சாவணும்?"

"சம்பளம் வாங்கறல்ல, அதுக்கு!"

"அது லோகநாயகிக்கு சார். இந்தத் தறுகணச்சிக்கு?"

எத்திராஜ் குகனைப் பார்த்தார். குகன் திரும்பி என்னைப் பார்த்தான். அவன் பார்த்ததும் எல்லோரும் பார்த்தார்கள். "அக்கா, நீங்க உண்டாக்குன சாமி. நீங்களே சொல்லுங்க. இது குத்தமா, இல்லையா?"

என் ஜன்மத்தில் என்னிடம் யாரும் இப்படி ஒரு தீர்ப்புக் கேட்டதில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேல்களை எடுத்துக்கொள்வார்கள், காட்சி முடியும், கார்டு வரும். தியேட்டரில் என் வீட்டுக்காரர் தெருக்காரர்களோடு உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. எழுத்து எத்தனை பெரிசு என்பதுகூடத் தெரிந்தது. ஆமாம், எனக்குப் பேர் வேண்டும்! எத்தனை வருஷமாக வேண்டும்! இந்த நோட்டில்கூட அதை ஒழுங்காக எழுதியதில்லை.

லோகநாயகி முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு என் மேல் கோபமே இல்லை. என்ன சொல்லப்போகிறேன் என்று நிஜமாகவே தெரிந்துகொள்ள நிற்கிறாள்.

"குத்தந்தான்" என்றேன். "பெரிய குத்தம். எழுதினவ புத்தி கெட்டுப்போய் எழுதிட்டா. தலைவன் கடைசியிலதான் சாப்பிடணும்."

போனில் முதலாளி கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எத்திராஜ் காதிலிருந்து தள்ளிப் பிடித்தும் அவர் குரல் எல்லோருக்கும் கேட்டது. "அப்ப அந்தம்மாவுக்குக் கார்டு கிடையாதுன்னு சொல்லிடு!"

"சரிங்க" என்றேன் போனைப் பார்த்து. குரல் உடைந்துவிட்டது. அதை மறைக்கவும் இல்லை.

குகன் போனை வாங்கினான். "சார், லைட் போகுது, கூட்டம் நாளைக்குக் கிளம்பிடும், நான் எடுத்துட்டுக் கூப்பிடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டு, கேமராவை ஓடவிடச் சொன்னான். ஒத்திகை இல்லை. தர்ஷித் ஆசனத்தை விட்டு எழுந்தான். ஆட்டைத் துண்டு துண்டாகப் பிய்த்து ஒவ்வொருவர் கையிலும் வைத்துக்கொண்டே போனான். திரும்பி வந்தபோது எலும்புதான் மிச்சம். அதை எடுத்து நக்கினான், சிரித்தான். கூட்டம் வேல்களைத் தூக்கிக்கொண்டு போட்ட சத்தத்தில் எனக்கு மயிர்க்கால் எல்லாம் நட்டுக்கொண்டது. குகன் கட் சொல்ல மறந்துவிட்டான்.

வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன், கார்டு இல்லையென்று. "போனாப் போவுது, விடு" என்றார்.

மார்ச் 4, செவ்வாய்

கடைசி நாள். சின்னச் சின்ன ஷாட்டுகள்தான். மத்தியானம் பந்தி போட்டார்கள். முதலாளி கூடாதென்றது எத்திராஜுக்கு மறந்துவிட்டதாம்.

எனக்கு அகோரப் பசி, நேற்று முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. வரிசையில் போய் உட்காரப்போனேன். லோகநாயகி கையை நீட்டி மறித்தாள்.

"நீ இப்ப இல்ல ரைட்டரம்மா. கடைசி."

சுர்ரென்று வந்தது எனக்கு. அந்தப் பக்கத்தை எழுதிக் கொடுத்தேனே, அதற்குத் தண்டனை போல என்று நினைத்தேன். ஒரு இரும்புப் பெட்டி மேல் போய் உட்கார்ந்தேன். கூட்டத்து ஆட்கள் சாப்பிட்டார்கள். லைட்மேன்கள் சாப்பிட்டார்கள். மேக்கப், கேமரா, குகன். எத்திராஜ்கூட உட்கார்ந்து இரண்டாம் முறை சாம்பார் கேட்டு வாங்கினார். வயிற்றெரிச்சலாக இருந்தது. பிறகு பார்த்தால் தர்ஷித் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்! தலைவன்! எழுந்து போய்க் கேட்டேவிட்டேன்.

"ஏன் தம்பி, நீங்க கடைசியிலல்லா சாப்பிடணும்?"

"இன்னைக்கு நான் கடைசி இல்லக்கா" என்றான் வாய் நிறையச் சோற்றோடு.

"மூஞ்சத் தூக்கினு கீற பாரு" என்று பின்னாலிருந்து லோகநாயகி சிரித்தாள். "நீ எழுதுன சட்டந்தானம்மா இது? யாரு கடைசின்னு உனக்கே தெரியலயா?"

அப்போதுதான் புரிந்தது. எனக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கிறது, பாருங்கள்.

ஒற்றை இலை போட்டார்கள். சாப்பிட்டு எழுந்த அத்தனை பேரும் போகாமல் சுற்றி நின்றார்கள். லோகநாயகி சோறு வைத்தாள். எத்திராஜ் ரசம் ஊற்றினார், பாதி என் புடவையில். பொரியல் தீர்ந்துவிட்டது, அப்பளம் நொறுங்கினதுதான் இருந்தது. முதல் வாய் வைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓவென்று அழுதுகொண்டே சாப்பிட்டேன், வெட்கமே இல்லாமல்.

நடுவில் வீட்டுக்காரர் போன் போட்டார். இடது கையால் எடுத்தேன்.

"சாப்ட்டியா அமலு?"

"இப்பத்தான் சாப்புடுதேன். எல்லாரும் சாப்ட்ட பெறகு."

"கடைசிலயா? ஒன்னையவா?"

"ஆமா. கடைசில." அதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை, அழுகையும் சிரிப்புமாக இருந்தது.

"எவம்ல அவன் ஒன்னைக் கடைசில உக்கார வச்சது?" என்று கத்தினார். இத்தனை வருஷத்தில் எனக்காக அவர் யாரிடமும் இப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. "போனை அவன்ட்டக் குடு!"

எத்திராஜிடம் கொடுத்துவிட்டு இரண்டாம் தடவை ரசம் கேட்டேன்.